பேர் சொல்லிக் கூப்பிடுகிற கிரவுண்ட்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்து, கனடாவில் வீடு வாங்கிவிட்டதைச் சொன்னாய். "கீழ ஒரு ரூம் ஒங்களுக்குன்னே ஒதுக்கியிருக்கேம்மா. படியேற வேண்டியதில்ல. பேப்பரெல்லாம் போட்டாச்சு. அடுத்த மாசம் கொழும்புக்குப் போயி கைரேகை மட்டும் குடுத்துட்டு வந்துருங்க, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றாய். நான் "சரிப்பா" என்றேன். பிறகு பேத்தி உன் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு, தன் உடைந்த தமிழில், "அப்பாயி, எப்ப வர்றே?" என்று கேட்டாள். அவளுக்கும் "சரிடா கண்ணு" என்றேன். கேட்ட கேள்விக்கும் சொன்ன பதிலுக்கும் சம்பந்தமே இல்லை என்பது அந்தப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனால் பருப்பு அடிப்பிடித்துக் கிடந்தது.

அந்த "சரி" பொய், தம்பி. எனக்கு அங்கே வந்து குடியிருக்க மனமில்லை. உன்னைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. இந்த இரண்டையும் போனில் சொல்ல வாய் வரவில்லை. உன் குரலைக் கேட்டாலே எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் வருகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவிடம் விளையாடிய சிவலிங்கத்தின் மகளிடம் கொடுத்தால் போட்டோ பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள். என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பெரிதாக்கிப் படித்துக்கொள். வேலைக்கு நடுவே படிக்காதே, சாப்பிட்டுவிட்டு ஆற அமர உட்கார்ந்து படி. என் விஷயத்துக்கு வருவதற்கு முன்னால் உன் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உனக்குத் தெரியாததும் அதில் இருக்கிறது.

உனக்கு அவர் அப்பா. ஊருக்கு அவர் கோச் சேர். ஹட்டனில் இன்றைக்கும் நான் பஸ்ஸில் ஏறினால், "கோச் சேர் வூட்டு அம்மா வர்றாங்க, எடம் குடு" என்று யாராவது எழுந்துவிடுகிறார்கள். றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் பிறந்தவர் அவர். அவருடைய அப்பா மண்வெட்டி பிடித்தவர், அம்மா கொழுந்தெடுத்தவர். ஹட்டனில் உள்ள அந்தக் கல்லூரிக்கு ரயிலில் வந்து படித்தார். கூடைப்பந்து அவருக்கு எப்படிப் பிடித்துப்போனது என்று நான் ஒருமுறை கேட்டேன். ஏதோ பெரிய காரணம் சொல்வார் என்று பார்த்தால், "கிரிக்கெட்டுக்கு வெள்ளக் கால்சட்ட வேணும், சப்பாத்து வேணும். இதுக்கு ஒண்ணும் வேணாம்னாங்க, அதான் போனேன்" என்றார். ஆளும் குள்ளம். ஆசிரியர் பயிற்சி முடித்துக் கணித மாஸ்டராக அதே கல்லூரிக்குத் திரும்பி வந்தார். அன்று மாலையே கூடைப்பந்து ஆடும் சீமெந்துத் தரையில் இறங்கியவர், ஓய்வு பெற்ற பிறகும் ஏறவில்லை. என்னைக் கட்டிக்கொண்டாரா அந்தப் பந்தைக் கட்டிக்கொண்டாரா என்று எனக்கே பல வருஷம் சந்தேகம் இருந்தது.

நாங்கள் கல்யாணம் முடித்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். கண்டியில் ஒரு பெரிய பாடசாலையோடு ஆட்டம். கடைசி நிமிஷம், நாங்கள் ஒரு புள்ளி பின்னால் நிற்கிறோம். பந்து ரமேஷ் கையில். அவனைச் சுற்றி மூன்று பேர். வளையத்துக்கு அடியில் சிவலிங்கம் தனியாக நிற்கிறான், அவன் பக்கத்தில் ஒருவருமே இல்லை. கையை நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறான். வாயைத் திறக்கவில்லை. ரமேஷுக்கு அவன் பின்னால் நிற்பது தெரியவில்லை. தானே எறிந்தான், தவறியது, தோற்றோம். திரும்பி வரும் பஸ்ஸில் உன் அப்பா சிவலிங்கத்தைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஏனடா கூப்பிடவில்லை என்று கேட்டிருக்கிறார். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னானாம், "எப்புடி சேர் கூப்புடுறது? அவங்க எங்க தோட்டத்துக் கண்டாக்கையா மகன். பேரச் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

கண்டாக்கையா என்றால் அந்தத் தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் உத்தியோகத்தர். சிவலிங்கத்தின் அம்மா அவருக்குக் கீழே கொழுந்தெடுக்கிறவள். அந்தப் பிள்ளை செய்தது மரியாதை. வீட்டில் சொல்லிக்கொடுத்தபடி நடந்துகொண்டான், ஆட்டம் போய்விட்டது. உன் அப்பா வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "அந்தப் பய நின்ன மாதிரியேதான் எங்கப்பா பெரட்டுல நிப்பாரு" என்றார். விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார்களே, அந்தப் பெரட்டு. அங்கே பேர் கூப்பிடுவது மேலே இருப்பவரின் வேலை. கீழே நிற்பவனின் வேலை காத்திருப்பது. "காய்ச்சலோட நிப்பாரு. முடியல, இன்னிக்கு வேற வேல குடுங்கன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. அவங்களுக்கே தெரியணும்ல, அப்புடீம்பாரு. அவங்களுக்கு எப்புடித் தெரியும்?" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அடுத்த நாளே கிரவுண்டில் புதுச் சட்டம் வந்தது. அண்ணன், ஐயா, தம்பி எதுவும் கோட்டுக்குள் கிடையாது. எல்லாருக்கும் பேர் மட்டும்தான். பந்து வேண்டுமென்றால் பந்து வைத்திருப்பவனின் பேரைச் சத்தமாகச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காமல் வந்த பந்தில் கூடை போட்டாலும் அதை அவர் கணக்கில் எடுக்கமாட்டார். விசிலையும் அன்றோடு தூக்கிப் போட்டார். "விசிலடிச்சா நிக்கிற பழக்கம் நமக்கு ஏற்கனவே இருக்கு. அத நான் வேற சொல்லிக் குடுக்கணுமா?" என்பார். குறி தவறியதற்காக அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. இரண்டு பேருக்கு நடுவே பந்து விழுந்து, இருவரும் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றால்தான் அவருக்குக் கோபம் வரும். அப்போது அவர் கத்துகிற சத்தம் டவுன் வரைக்கும் கேட்கும். பயிற்சி முடிந்ததும் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, தனக்கு மற்றவனிடமிருந்து என்ன வேண்டும் என்று ஒவ்வொருவனையும் சொல்லச் சொல்வார். "எனக்கு இன்னும் கொஞ்சம் பதிவாப் போடு", "நான் திரும்புறப்ப பின்னால ஆள் வர்றான்னு சொல்லு" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மலை முழுக்க ஓடச் சொன்னால் ஓடுகிற பிள்ளைகள், இதற்கு வியர்த்துக் கொட்டி நிற்பார்களாம்.

மூன்று மணிக்கு மேல் நம்ம ஊரில் பனி இறங்கினால் எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும். கை நீட்டினால் விரல் தெரியாது. வேறு யாராவது என்றால் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உன் அப்பாவுக்கு அதுதான் நல்ல நேரம். "இப்பத்தான் நெசமான பிராக்டிஸ்" என்று சொல்லிக்கொண்டு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு இறங்குவார். கல்லூரிக் குவார்ட்டர்ஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் எனக்கு ஒன்றுமே தெரியாது. வெள்ளையாக இருக்கும், அவ்வளவுதான். அதற்குள்ளிருந்து பந்து தரையில் மோதும் சத்தமும் பேர்களும் வரும். சிவா! ரமேஷ்! இந்தப் பக்கம்! நான் கையில் உளுந்தையோ கிழங்கையோ வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நிற்பேன். முதலில் ஒரு சிலருடைய குரல்தான் கேட்கும். வாரம் போகப் போகப் புதுக்குரல்கள் வந்தன. சிவலிங்கத்தின் குரலை நான் கேட்க ரொம்ப நாளாயிற்று. கேட்ட அன்று அது உடைந்துபோன தகரம் மாதிரி இருந்தது. பயத்தில் ரமேஷின் பேரில் பாதியை முழுங்கிவிட்டான்.

விஷயம் தோட்டத்துக்குப் போகாமல் இருக்குமா? ஒரு சனிக்கிழமை கண்டாக்கையாவே நம்ம குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்துவிட்டார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "மாஸ்டர், நம்ம தோட்டத்துத் தொழிலாளி மகன் என் மகன அடா புடான்னு பேரச் சொல்லிக் கத்துறானாமே. நீங்கதான் கத்தச் சொன்னீங்களாமே" என்றார். உன் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கை தானாகக் கட்டிக்கொண்டது என்று பிறகு என்னிடம் சொல்லிச் சிரித்தார். ஆனால் வாய் கட்டிக்கொள்ளவில்லை. "ஆமாங்க ஐயா. ஒங்க மகனும் அவனப் பேரச் சொல்லித்தான் கத்துறாரு. ரெண்டு பேரும் கத்துனாத்தான் பந்து கூடைக்குப் போகும். ஒரு நாளைக்கு வந்து பாருங்க" என்றார். அவர் வரவில்லை. அடுத்த பள்ளித் தவணையில் மகனை வேறு பாடசாலைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். அந்த அணியிலேயே நன்றாகக் குறிவைக்கிறவன் ரமேஷ்தான். சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கக் கூடாதா என்று நான் கேட்டேன். "தளத்தியிருக்கலாம். அவன் இருந்திருப்பான். சிவலிங்கம் இருந்திருக்க மாட்டான்" என்றார். ரமேஷ் போனதில் அவருக்கு ரொம்ப நாள் வருத்தம் இருந்தது. யாராவது வெகு தூரத்திலிருந்து கூடை போட்டால், "ரமேஷு போட்டிருப்பான்" என்று முணுமுணுப்பார்.

மறு வருஷம் அணி கொழும்புக்குப் போய் விளையாடியது. கூரை போட்ட மண்டபம், பலகைத் தரை, பளபளவென்று வெளிச்சம். நம்ம பிள்ளைகளுக்கு எல்லாமே புதுசு. உன் அப்பா திரும்பி வந்தபோது நான் வாசலிலேயே நின்று, "என்னங்க, ஜெயிச்சீங்களா?" என்று கேட்டேன். "சிவலிங்கம் பந்து கேட்டான்" என்றார். "அது சரி, ஜெயிச்சீங்களா?" என்றால், இடைவேளையில் அவன் கேப்டனைப் பார்த்து, "நீ என்னப் பாக்கவே மாட்டேங்கிற. எனக்குப் பந்து வேணும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னதைச் சொல்கிறார். அவன் எப்படி நின்றான், குரல் எப்படி நடுங்கியது என்று நடித்தும் காட்டுகிறார். அப்படியே தூங்கியும் போய்விட்டார். மறுநாள் காலையில் பாண் வாங்கப் போனபோது கடைக்கார நானாதான், "ஒங்கட மாஸ்டர் கப்பு அடிச்சிட்டு வந்திருக்கார், ஒங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குத் தெரியாது என்று நான் காட்டிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்துதான் சண்டை போட்டேன்.

இத்தனை பேருக்கு வாயைத் திறக்கச் சொல்லிக்கொடுத்த மனுஷன் வீட்டில் எப்படி இருந்தார் என்று நீதான் பார்த்தாயே. கறியில் உப்பு இல்லாவிட்டாலும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். சப்பாத்து பிய்ந்தால் நானாகப் பார்க்கும்வரை அதையே போட்டுக்கொண்டு நடப்பார். அவரிடம் நான் அதைச் சொல்லிக் காட்டினால், "நீ மட்டும் என்னவாம்? ஒரு தடவையாவது வேணாம்னு சொல்லு பாப்பம்" என்பார். அதுவும் உண்மைதான். நான் கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தவள். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுப் போவார்களே, அந்த இடம். அங்கே வந்த புதிதில் அழுகிற பிள்ளை, ஒரு மாதத்தில் அழுவதை நிறுத்திவிடும். நல்ல பிள்ளை என்று நாங்கள் சொல்வோம். நானும் அப்படி நல்ல பிள்ளையாக வளர்ந்தவள்தான். இன்னும் அப்படியே இருக்கிறேன் என்பது ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு உறைத்தது.

இப்போது உன் விஷயம். உனக்குப் பதினைந்து வயது. அணியில் பந்தைக் கொண்டுபோகிற இடம் உன்னுடையது. நன்றாகத்தான் ஆடினாய். ஆனால் உனக்கு மனது ரேடியோவைக் கழற்றுவதில் இருந்தது, வயரிலும் பல்பிலும் இருந்தது. ஒரு மழை நாள் பின்னேரம் அப்பா குடையை எடுத்துக்கொண்டு, "வா, நேரமாச்சு" என்றபோது நீ சப்பாத்தைக் கதவோரமாக வைத்துவிட்டு, "அப்பா, எனக்கு இது புடிக்கல. நான் வரல" என்றாய். அவர் உன்னைப் பார்த்தார், குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு உன்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அப்பாவை ஏமாற்றிவிட்டாய் என்று நீ நினைத்துக்கொண்டாய். உன் கல்யாணத்துக்கு முந்தின நாள்கூட, "அப்பாவுக்கு எம்மேல அந்தக் கொற இன்னும் இருக்கும்மா" என்று போனில் சொன்னாய்.

அன்று மழையில் நனைந்து திரும்பிய உன் அப்பா நேராக அடுப்படிக்குத்தான் வந்தார். நீ உள்ளே ரேடியோவோடு இருந்தாய். அவர் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பாத்தியா? எங்கிட்டயே வேணாம்னு சொல்லிட்டான்" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு, கண்ணில் தண்ணீர். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஊரான் புள்ளைங்களுக்கு வாயத் தொறக்கச் சொல்லிக் குடுக்க எத்தன வருசம் ஆச்சு. நம்ம வீட்டுல ஒருத்தன் தானாத் தொறந்துட்டான்டி. என்ன நேராப் பாத்துச் சொன்னான், தலையக் குனியல" என்றார். அதைப் போய் அவனிடம் சொல்லுங்களேன் என்றேன். "சொன்னா, அப்பா சந்தோசப்படட்டும்னு நாளைக்கே சப்பாத்த மாட்டிக்கிட்டு வந்து நிப்பான். வேணாம், விடு" என்றார். அதற்காக அவருக்கு வலிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ராத்திரி படுக்கும்போது, "ஆனாலும் நல்லா ஓடுவான்ல" என்று கேட்டார். உன் இடத்தில் வேறு பிள்ளையை இறக்க அவருக்குக் கொஞ்ச நாள் மனமே வரவில்லை. ஆனால் அவருடைய பெருமை நீதான், தம்பி. கொழும்புக் கப்பைப் பற்றிப் பேசும்போது வராத குரல், உன் "நான் வரல"வைப் பற்றிப் பேசும்போது வரும். இதைச் சொல்லாதே என்றுதான் அவர் என்னிடம் சொன்னார். இப்போது அவர் இல்லை, நான் சொல்லிவிட்டேன்.

அவர் போன நாள் உன் கையில் பாஸ்போர்ட் இல்லை. அங்கிருந்து கிளம்பினால் திரும்பிப் போக முடியாது என்றார்கள். நான்தான் வராதே என்றேன். நீ வர வேண்டாம், அங்கேயே இரு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பெரிய தைரியசாலி மாதிரிச் சொன்னேன். மனதுக்குள் வா வா வா என்று அடித்துக்கொண்டிருந்தது. மாதா கோயிலில் பூசை முடியும்போதே பனி இறங்கிவிட்டது. கல்லறைத் தோட்டத்துக்கு இறங்கும் படிகள் பாசி பிடித்துக் கிடந்தன. அவரிடம் விளையாடியவர்கள்தான் பெட்டியைத் தூக்கினார்கள். எல்லாரும் நரைத்த தலைகள். ரமேஷும் வந்திருந்தான், எங்கிருந்தோ கேள்விப்பட்டு விடிய விடியப் பயணம் செய்து. யாருக்கும் அடுத்த படி தெரியவில்லை. அப்போது முன்னால் பிடித்திருந்த சிவலிங்கம், "ரமேஷ், படி! எடது பக்கம் வழுக்குது!" என்று கத்தினான். "சிவா, நான் புடிச்சிருக்கேன், நீ கால வையி" என்று பின்னாலிருந்து பதில் வந்தது. அப்படியே ஒருவர் பேரை ஒருவர் சொல்லிச் சொல்லி அவரைக் கீழே கொண்டுபோனார்கள். நீ போனில் பார்த்துக்கொண்டிருந்தாய். "அம்மா, ஒண்ணுமே தெரியலம்மா, வெள்ளையா இருக்கும்மா, சத்தம் மட்டுந்தான் கேக்குது" என்று அழுதாய். போனைப் பிடித்திருந்த பிள்ளை எங்கெங்கோ திருப்பிப் பார்த்தது. அதற்கு மேல் காட்ட ஒன்றும் இல்லை. உன் அப்பா என்று நீ கடைசியாகப் பார்த்தது அந்த வெள்ளையைத்தான்.

நான் அங்கே வராததற்குக் காரணம் இந்த வீடோ கல்லறையோ இல்லை. இதைச் சொன்னால் நீ சிரிப்பாய். சிவலிங்கம் பகலில் த்ரீவீல் ஓட்டுகிறான், பின்னேரத்தில் டவுனில் உள்ள பெண்பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்குகிறான். முக்கால்வாசிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள். கண்டிக்கும் கொழும்புக்கும் ஆட்டத்துக்குப் போகவேண்டி வந்தபோது வீட்டில் ஒருவரும் விடமாட்டோம் என்றுவிட்டார்கள். வயதுக்கு வந்த பிள்ளையை ஒரு ஆம்பளையோடு எப்படி அனுப்புவது என்று கேட்டார்கள், நியாயந்தானே. கடைசியில் ஒரு தாய், "சேர் வூட்டு அம்மா கூடப் போனாங்கன்னா அனுப்புறேன்" என்றாளாம். சிவலிங்கம் வந்து கேட்டான். வழக்கம் போலச் சரி என்றேன். அந்த ஒரு சரிக்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை. இப்போது அவர்கள் எங்கே போனாலும் நானும் போகிறேன். வேனில் முன் சீட்டு என்னுடையது. வாந்தி எடுக்கிறவளுக்கு முகரத் தேசிக்காய், தலை பின்னாதவளுக்குப் பின்னல், பயந்தவளுக்குத் திட்டு. ஆட்டம் தொடங்கியதும் நானும் கத்துகிறேன், தம்பி. உன் அம்மா, இந்த வயதில், எல்லார் முன்னாலும், தொண்டை கட்டுகிற வரைக்கும் பிள்ளைகளின் பேரைக் கத்துகிறேன். நான் வராவிட்டால் அந்தத் தாய்மார் மறுபடி கதவைச் சாத்திவிடுவார்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு இதை உன்னிடம் சொன்னதே இல்லை.

உன் ஏக்கம் எனக்கு இல்லை என்று நினைத்துவிடாதே. காலையில் தேத்தண்ணி ஊற்றும்போது உன் நினைப்பு, மழை பெய்தால் உன் நினைப்பு. பேத்தியை நான் போனில் மட்டுமே பார்த்திருக்கிறேன். அவளுடைய தலை எப்படி மணக்கும் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற பிள்ளையை எவ்வளவு நேரம் கொஞ்ச முடியும்? உன் கன்னத்தைக் கடைசியாகத் தொட்டது விமான நிலையத்தில்தான். அன்றைக்கு நீ சவரம் செய்திருக்கவில்லை, கை குத்தியது. அது இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

அதனால் நேராகவே கேட்கிறேன். கைரேகை கொடுக்க நான் போகமாட்டேன். நீ வா. இப்போது உன் கையில் பாஸ்போர்ட் இருக்கிறது. டிசம்பரில் நத்தாருக்கு வா, மருமகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. ஒரு வாரம் வந்துவிட்டு ஓடிப்போகிற வருகை வேண்டாம், ஒரு மாதம் இருந்துவிட்டுப் போ. உன் அப்பா கிடக்கிற இடத்துக்குப் பனி இல்லாத ஒரு காலையில் உன்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், நீ அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பேத்தி என் மடியில் உட்கார்ந்து சோறு சாப்பிட வேண்டும். எனக்கு நீ வேண்டும், தம்பி. எழுபதை நெருங்கும்போது இப்படிக் கேட்க வந்திருக்கிறது.

பந்து கேட்டும் கிடைக்கவில்லை என்று ஒரு பையன் அழுதபோது, "கேக்குறது ஒன் வேல. குடுக்குறதும் குடுக்காததும் அவன் பாக்குறதப் பொறுத்தது" என்று உன் அப்பா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. உனக்கும் அங்கே ஆயிரம் இருக்கும். லீவு இருக்கும், வீட்டுக் கடன் இருக்கும், பிள்ளையின் பள்ளிக்கூடம் இருக்கும். வர முடியாதென்றால் முடியாதென்று சொல். கோபம் வந்தால் கோபப்படு. வீடு பார்த்து, ரூம் ஒதுக்கி, பேப்பர் போட்டு, இப்போது வந்து இப்படிச் சொல்கிறீர்களே என்று கத்து, நான் கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் போனுக்காகக் காத்திருப்பேன். நீ என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். என் மனம் நோகக்கூடாதே என்று "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிடாதே.

அம்மா